தலை திரும்பும் பக்கம்

கரும்பலகையைப் பார்க்க சைமி தலையைத் திருப்பினால்
அந்தப் பக்கத்துக் கை நீண்டுவிடுகிறது.
பென்சில் நோட்டைத் தாண்டிப் போய்
பக்கத்துப் பையனின் கணக்கில் கோடு போடுகிறது.

"கவனம் போதவில்லை" என்று டீச்சரின் குறிப்பு.
இது மூன்றாவது.
மூன்றையும் ஒரே காந்தத்தில்
ஃபிரிட்ஜ் கதவில் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஏழு வயது.
கரண்டி தரையில் விழுந்தால் போதும்,
இரு கைகளும் பறக்கப்போவது போல் விரியும்,
பிறகு மெல்லத் திரும்பி வந்து
எதிரே இல்லாத யாரையோ கட்டிக்கொள்ளும்.
சட்டைக்குள் தைத்த பட்டி முதுகில் உரசினால்
இடுப்பு வெட்டி இழுக்கும்.
எல்லாப் பட்டிகளையும் கத்தரித்தாயிற்று.
எந்தச் சட்டை எந்த அளவு என்று
இப்போது யாருக்கும் தெரியாது.

குவோபியோவில் சைக்கிள் கடைக்கு மேல் ஒரு மாடி.
இயன்முறை மருத்துவர் ஹென்ரீக்கா
கம்பளிக் காலுறையோடு கதவைத் திறந்தார்.
சைமியை நாலு காலில் நிற்கச் சொல்லி
முதுகில் ஓர் ஆரஞ்சை வைத்தார்.
"நீ ஒரு மேசை. மேசை மெதுவாக ஜன்னலைப் பார்க்கட்டும்."
மேசை ஜன்னலைப் பார்த்தது.
மறுபக்கத்து முழங்கை மடிந்தது.
ஆரஞ்சு உருண்டு ரேடியேட்டருக்கு அடியில் போனது.

"கருப்பையில் பழகியது," என்றார்.
முகம் போன திசையில் ஒரு கை நீளும், மறு கை மடியும்,
வாள் இல்லாத வாள்வீரன்.
குறுகிய வழியில் வெளியேறத் துணை வந்த விருந்தாளி
ஆறு மாதத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டும்.
சில வீடுகளில் தங்கிவிடுகிறது.
வாடகையும் தருவதில்லை.

சைமியின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது.
"சரி, இப்போது அம்மா மேசை."

வேலை உடுப்போடு நானும் முட்டி போட்டேன்.
இன்னொரு ஆரஞ்சு.
முப்பத்தெட்டு வயது மேசை ஜன்னலைப் பார்த்தது.
முழங்கை மடிந்தது.
அதை நான் செய்யவில்லை.
சத்தியமாக நான் செய்யவில்லை.
சைமிதான் முதலில் சிரித்தாள்.

இரவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம்
வண்டி வலப்பக்கம் சாயும்.
இதுவரை பதினொரு தபால் பெட்டிகள்.
மேலாளர் பெந்த்தி சுவரில் கணக்கு வைத்திருக்கிறார்,
டிசம்பர் விருந்தில் ஒரு தகரப் பெட்டியை
ரிப்பன் கட்டி எனக்கே பரிசளித்தார்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பள்ளியில் என் எழுத்து கோழிக் கிறுக்கல்.
முப்பது வருடம் அதையெல்லாம்
என் குணம் என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு தலையை அசைக்காமல்
கண்ணை மட்டும் உருட்டிக் கண்ணாடி பார்த்தேன்.
பனித்தொப்பி வைத்த ஒரு பெட்டி
நின்ற இடத்திலேயே நின்றது.

பயிற்சி தினமும் பத்து நிமிடம்.
தரையில் பல்லி போல மெல்ல, மிக மெல்ல.
"உறுதி தர மாட்டேன்," என்றிருந்தார் ஹென்ரீக்கா,
"இதை நம்பாத மருத்துவர்களும் உண்டு.
அவர்களையும் கேளுங்கள்."
அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன்.

ஆறு வாரம். கம்பளத்தில் இரண்டு பல்லிகள்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஜன்னல்.
ஒன்றும் மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.
ஒரு நாள் கரண்டி விழுந்தபோது
அவள் கைகள் பாதி விரிந்து,
யோசித்து,
இறங்கின.
அடுத்த நாள் முழுதாக விரிந்தன.

நான்காவது குறிப்பு வந்தது.
பதில் எழுத உட்கார்ந்தேன்:
"அவளுக்குக் கவனம் இருக்கிறது.
கைதான் இன்னும் வேறு யாரோ சொல்வதைக் கேட்கிறது.
கரும்பலகைக்கு நேர் எதிரே
அவளை உட்கார வைத்தால்..."

"அம்மா!" குளியலறையிலிருந்து.
திரும்பினேன்.
பேனா தாளின் விளிம்பைக் கடந்து
மேசைத் துணியில் போய் நின்றது.

வேறு தாள் எடுக்கவில்லை.
கோட்டையும் சேர்த்தே மடித்தேன்.